மறைந்திருந்த கரும்பொருக்கு



சென்ற மார்கழியில், பாகூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாயைப் புதுவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாக நமக்குச் செய்தி வந்தது. நோயில்பூசுதல் அளிக்கவே அழைத்திருந்தனர். ஒன்பது நாள்களாக விடாத காய்ச்சல். டைபாய்டு என்று ஊரில் ஊசி போட்டார்கள்; கண் மஞ்சளித்ததும் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள்; மூச்சு வாங்கத் தொடங்கிய பின்பே காரில் ஏற்றினார்கள். நாம் போய்ச் சேர்ந்தபோது வைத்தியம் சரியான வழிக்குத் திரும்பியிருந்தது. அதற்குக் காரணம் பெரிய இயந்திரம் எதுவுமன்று. உடம்பு துடைக்க வந்த செவிலிப்பெண், அத்தாயின் மார்புக்குக் கீழே சிகரெட்டால் சுட்டாற்போன்ற ஒரு கரும்பொருக்கைக் கண்டு மருத்துவரிடம் ஓடியிருக்கிறார்.

முன்பே அதைப் பார்த்திருந்தீர்களா என்று பின்னொரு நாள் கேட்டோம். “பாத்தேன் சாமி. வலியும் இல்ல, அரிப்பும் இல்ல. அதைப் போயி ஆம்பள டாக்டர்கிட்ட எப்படிச் சாமி காட்டுறது?” என்றார்.

அந்நோய்க்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. உண்ணி என்றதும் மாட்டின் காதில் தொங்குவது நினைவுக்கு வரும், இது அதுவன்று. புதரிலும் வரப்பின் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுயிரின் இளம்பருவம் கடிப்பதால் கிருமி உட்புகுகிறது. கடித்தது தெரியாது. ஏறத்தாழப் பத்து நாள் கழித்தே காய்ச்சல் காணும். கடிவாயில் பொருக்கு உண்டாவது பெரும்பாலும் அக்குள், தொடையிடுக்கு, பாவாடை நாடா இறுகும் இடுப்பு, மார்பின் கீழ்மடிப்பு ஆகிய இடங்களில். நாணம் எவற்றை மறைக்கிறதோ அவற்றையே இவ்வுயிர் தேடுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்நோய் போடும் வேடங்களோ பல. ஒருவருக்குக் குடல்வால் அழற்சி போல வயிற்றுவலி, இன்னொருவருக்கு மூளைக்காய்ச்சல் போலக் கழுத்து விறைப்பு. சிலருக்குக் காமாலை, சிலருக்கு நுரையீரல் கோளாறு, அரிதாகக் காது கேளாமை. 2010ஆம் ஆண்டில் புதுவை மருத்துவர்கள் ஐம்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையின்படி, ஏறக்குறையப் பாதிப் பேரிடமே பொருக்கு காணப்பட்டது. ஏனையோரிடம் அந்த அடையாளமும் இல்லை. இரத்தப் பரிசோதனையும் முதல் வாரத்தில் ஏமாற்றக்கூடும். ஆதலால் புல்லறுக்கப் போனோம், விறகு பொறுக்கினோம், ஏரிக்கரையில் ஆடு மேய்த்தோம் என்று நோயாளி தாமே சொல்லும் சொல்லுக்கு மதிப்பு மிகுதி.

மலேயாவில் 1920களில் எண்ணெய்ப்பனைத் தோட்டத் தொழிலாளரிடையே இக்காய்ச்சலை ஆராய்ந்தனர். அத்தகைய தோட்டங்களில் வியர்வை சிந்தியோருள் நம் தமிழர் மிகப் பலர். இரண்டாம் உலகப்போரில் பர்மாக் காடுகளில் போர்வீரர்களை இது வாட்டியது. 1948இல் கோலாலம்பூரில் குளோராம்பெனிகால் மருந்து இதைத் தீர்க்கும் என்று கண்டனர். இன்று டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவை கைகொடுக்கின்றன. உரிய காலத்தில் தொடங்கினால் பெரும்பாலோர்க்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விலையும் சொற்பமே. ஆனால் நாம் வழக்கமாகக் கேட்டுப் போட்டுக்கொள்ளும் பென்சிலின் வகை ஊசிகளுக்கு இக்கிருமி அடங்காது. அத்தாயின் ஒன்பது நாள்கள் இப்படித்தான் கழிந்தன.

இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. எக்கிருமியும் இல்லாமலே, உடலின் தற்காப்புச் சக்தி தன் உடலையே பகைத்துத் தாக்கும் நோய்கள் உள்ளன. லூபஸ் என்பது அவற்றுள் ஒன்று. பெரும்பாலும் இளம்பெண்களைப் பற்றுவது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, வாய்ப்புண், தலைமுடி உதிர்தல், வெயில் பட்டால் கன்னங்களில் சிவக்கும் தடிப்பு. காய்ச்சலைக் கண்டு தொற்று என்று மாதக்கணக்கில் மருந்து தின்போரும் உண்டு. மருத்துவருக்கே இது கடினமான கணக்கு: தற்காப்பை அடக்கும் மருந்தைக் கிருமி நோயாளிக்குத் தவறிக் கொடுத்தால் கேடு விளையும். இந்நிலையில், வரன் பார்க்கும் நேரமென்று மகளின் முடி உதிர்வதையும் மூட்டுவலியையும் மறைக்கும் தாய்மாரை வில்லியனூர்ப் பக்கத்திலும் நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் அச்சம் நமக்குப் புரியாமலில்லை. ஆனால் அந்நோய் சிறுநீரகத்தைப் பற்றும்வரை பொறுத்திருப்பது எவ்வகை அன்பு?

மழை ஓய்ந்து புல் செழிக்கும் மாதங்களில் ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், அல்லது அதற்கு முன்பே மூச்சு வாங்கினால், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தலையுச்சி முதல் பாதம்வரை வீட்டாரே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆண் மருத்துவரிடம் கூச்சமானால், பெண் மருத்துவரையோ செவிலியரையோ அழைக்கும்படி கேளுங்கள். கேட்பதில் குற்றமில்லை. துணிகளைப் புதர்மீது உலர்த்த வேண்டாம். புல்லில் வெறுந்தரையில் படுக்க வேண்டாம்.

அத்தாய் பதினோராம் நாள் வீடு திரும்பினார். இப்போதும் புல்லறுக்கப் போகிறார். சேலைமேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை அணிந்துகொண்டு போகிறார். திரும்பியதும் குளித்துவிட்டுத்தான் அடுப்பண்டை வருகிறாராம். கணவருக்கு மட்டும் ஒரு குறை: நல்ல சட்டையும் ஒவ்வொன்றாகப் பழைய சட்டையாகி வருகிறதாம்.