பேசாத பிள்ளையும் பேச வேண்டிய வீடும்

உலகத்திலே மிகப் பெரிய வீரச் செயல் எது என்று இரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டு விடை பெற முடியுமானால், அலுமாரியின் மேற்றட்டிலே அம்மா ஒளித்து வைத்த பலகாரத்தை எடுப்பதே என்று அது சொல்லும். வாசற்படி ஏறுவது அதற்கு மலை ஏறுவது. முற்றத்திலே தேங்கிய மழைநீரைக் கடப்பது கடலைக் கடப்பது. கோழிக்குஞ்சின் பின்னால் ஓடுவது வேட்டை. பெரியவர்களாகிய நாம் தினந்தோறும் கண்டும் காணாமற் போகும் இச்சிறு செயல்களையே பொருளாகக் கொண்டு ஒரு சித்திரப் படத் தொடர் எழுந்திருக்கிறது. அதனைப் பற்றியும், அதனை முன்னிட்டு நமது வீடுகளைப் பற்றியும் இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

'மைட்டி லிட்டில் பீம்' என்பது அத்தொடரின் பெயர். வலிமை மிக்க குட்டிப் பீமன் என்று நாம் தமிழிலே சொல்லிக் கொள்ளலாம். ஹைதராபாத்திலே ராஜீவ் சிலகா என்பவர் 2001ஆம் ஆண்டிலே தொடங்கிய கிரீன் கோல்ட் நிறுவனம் இதனை ஆக்கியது. அந்நிறுவனத்தின் 'சோட்டா பீம்' 2008 முதல் போகோ தொலைக்காட்சியிலே வந்து, இந்தியப் பிள்ளைகளின் உள்ளங்களைக் கொள்ளை கொண்டது. டோலக்பூர் என்னும் கற்பனை ஊரிலே வாழும் ஒன்பது வயதுச் சிறுவன் அந்தப் பீமன். லட்டுத் தின்றவுடன் பலம் பெற்றுப் பகைவரை வெல்பவன். 2019 ஏப்ரல் 12ஆந் திகதி நெட்பிளிக்ஸ் வழியாக வெளிவந்த புதிய தொடரோ, அதே பீமனைத் தவழ்ந்தும் தத்தித் தத்தி நடந்தும் திரியும் மழலையாகக் காட்டிற்று. ஒவ்வொரு கதையும் சில நிமிடங்களே. லட்டைக் காண்பான், எட்டிப் பிடிக்க முயல்வான், விலங்கோடு விளையாடுவான், வீட்டுச் சாமான்களை விளையாட்டுப் பொருளாக்குவான், தாய் அவனைத் தேடிப் பின்னே வருவாள். கதை அவ்வளவுதான். ஆயினும் வெளிவந்த சில மாதங்களுக்குள்ளேயே 2 கோடி 70 இலட்சம் இல்லங்களிலே இது பார்க்கப்பட்டதாக நெட்பிளிக்ஸ் நிறுவனம் கூறிற்று.

பீமன் நமது கரைக்குப் புதியவன் அல்லன். கல்முனையை அடுத்த பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் கோயில் விழாவைக் கண்டவர்கள் இதனை அறிவார்கள். மகாபாரதக் கதையே அங்கே விழாவாக நிகழ்கிறது. விரதம் பூண்ட அடியவர்கள் பாண்டவராகி வனவாசம் செல்வதும், முடிவிலே தீமிதிப்பதும் தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வருகின்றன. வடமோடிக் கூத்துக் களரியிலே பீமன் அடியெடுத்து வைத்தால் களரி அதிரும். அவனுடைய குழந்தைப் பருவமும் காவியத்திலே இல்லாமற் போகவில்லை. புலியைக் கண்டு திடுக்குற்றெழுந்த குந்தியின் மடியிலிருந்து பச்சிளம் பீமன் பாறைமீது விழுந்தான் என்றும், பிள்ளைக்கு ஊறொன்றும் நேராது பாறையே நொறுங்கிற்று என்றும் ஆதிபர்வம் கூறும். குட்டிப் பீமனுடைய அளவுக்கு மீறிய வலிமைக்கு வித்து அங்கேயே இருக்கிறது எனலாம்.

இத்தொடரிலே நாம் வியப்போடு நோக்கியது வேறொன்று. இப்பிள்ளை பேசுவதில்லை. சிரிப்பான், சிணுங்குவான், மழலை ஒலி எழுப்புவான். ஒரு வாக்கியமேனும் பேசான். அவனைச் சூழ்ந்தவர்களும் அவ்வாறே. எந்நாட்டுப் பிள்ளையும் மொழிபெயர்ப்பு இன்றி விளங்கிக் கொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கம். இவ்வழியிலே முன் நடந்தவர்கள் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவிலே ஸ்டெனெக் மிலேர் என்னும் ஓவியர் 1957ஆம் ஆண்டிலே அகழெலி ஒன்றை நாயகனாக வைத்து ஒரு படம் செய்தார். அவ்வெலி காற்சட்டை ஒன்றை விரும்ப, சணற்செடி நாராகி, நூலாகி, துணியாகி, உடையாகும் கதை அது. முதற் படத்திலே பேச்சு இருந்தது. பின்னர், எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும் என்று கருதிப் பேச்சை நீக்கி, தம் புதல்வியரின் சிரிப்பையும் வியப்பொலியையுமே எலியின் குரலாக்கினார் மிலேர்.

பேச்சில்லாத படம் நம்மூர்த் தாய்மார்க்கு ஓர் ஆறுதலாகத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் உண்டு. இக்கரையிலே பிள்ளைகள் காணும் படங்களிற் பல ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பேசுவன. தமிழ் பேசினாலும் அது நம்மூர்த் தமிழ் அன்று. சில மாதங்களுக்கு முன்னர், நம்மிடம் படித்து இன்று ஒரு பிள்ளைக்குத் தாயாகிவிட்ட முஸ்லிம் மாணவி ஒருவர் நம்மைக் கண்டபோது கேட்டார்: "சேர், இந்தப் படத்தில பேச்சே இல்ல. மகன்ட தமிழ் கெடாதுதானே? சமையல் முடியும் வரைக்கும் போனைக் குடுத்து விட்டா என்ன?" மகனுக்கு மூன்று வயது நெருங்குகிறது, இன்னும் இரண்டொரு சொல்லே பேசுகிறான் என்றும் அவர் சொன்னார். அக்கேள்வியிலே சோம்பல் இருக்கவில்லை. களைப்பும் கவலையும் இருந்தன. கணவர் கத்தாரிலே தொழில் செய்கிறார். வீட்டு வேலை முழுவதும் அவர் தலையிலே. ஆதலால் அதற்கு நேரான விடையைக் கூறுவது நமது கடமையாயிற்று.

முதலாவது, பேச்சுத் தாமதிப்பதற்குக் காரணங்கள் பல. செவிப்புலனிலே குறை இருக்கலாம்; வேறு காரணமும் இருக்கலாம். அதனை மருத்துவரே சோதித்துச் சொல்ல வேண்டும். 'ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசுவான்' என்று அயலார் சொல்லும் ஆறுதலை நம்பி நாளைக் கடத்துதல் தகாது. இதனையே நாம் அவருக்கு முதலிற் சொன்னோம்.

இரண்டாவது, படத்திலே பேச்சு இருப்பினும் இல்லாவிடினும், பேசக் கற்பிப்பது படமன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலே பற்றீசியா கூல் என்னும் பேராசிரியையும் அவருடைய துணைவர்களும் 2003ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு ஒன்று இவ்விடயத்திலே புகழ் பெற்றது. ஆங்கிலம் பேசும் வீடுகளிலே பிறந்த ஒன்பது மாதக் குழந்தைகளிடையே சீனமொழி பேசுவோரை அமர்த்தி, பன்னிரண்டு அமர்வுகளிலே கதை வாசித்தும் விளையாடியும் பேச வைத்தார்கள். அக்குழந்தைகள் சீனத்துக்கே உரிய ஒலி வேறுபாட்டை இனங்காணக் கற்றுக் கொண்டன. வேறு குழந்தைகளுக்கு அதே மனிதர்கள் அதே மொழியைப் பேசுவதைத் திரையிலே காட்டினார்கள். அவை அதனைக் கற்கவில்லை. குரல் ஒன்றே, மொழியும் ஒன்றே, எதிரிலே ஆள் இல்லாமையே வேற்றுமை. பிள்ளையின் கண்ணைப் பார்த்து, அது காட்டியதைத் தானும் பார்த்து, அது சிரிக்கும்போது தானும் சிரித்துப் பேசும் ஒருவர் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

உலக சுகாதார நிறுவனமும் 2019 ஏப்ரல் மாதத்திலே, குட்டிப் பீமன் வெளிவந்த அதே மாதத்திலே, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான நெறிகளை வெளியிட்டது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது, குறைந்தால் நன்று என்றது அது. பிள்ளை அமர்ந்திருக்கும் வேளையிலே அதனோடு கதை சொல்வதும் புத்தகம் வாசிப்பதுமே நலம் என்றும் அந்நெறிகள் கூறுகின்றன.

இவற்றைக் கேட்டவுடன் நமக்கு நினைவு வந்தது ஜெனீவா நகரமன்று, பிள்ளைத்தமிழே. குழந்தையின் அன்றாடச் செயல்களை இலக்கியப் பொருளாக்குவதிலே தமிழர் எவருக்கும் பின்னிற்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பிள்ளையாக வைத்துப் பாடினார். பெருங்கடவுளாயினும் பேரரசனாயினும், மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரையுள்ள குழவியாக்கிப் பத்துப் பருவங்களிலே பாடுவது அம்மரபு. செங்கீரையாடுகிறது பிள்ளை; தாலாட்டுக் கேட்கிறது; சப்பாணி கொட்டுகிறது; முத்தம் தருகிறது; தளர்நடையிட்டு வருகிறது; நிலாவை விளையாட அழைக்கிறார்கள் அதற்காக. சிற்றிற் பருவத்திலே, மணலிலே தாம் கட்டிய சிறு வீட்டைக் காலால் அழிக்க வேண்டாம் என்று சிறுமியர் அதனைக் கெஞ்சுகிறார்கள். நமது கடற்கரை மணலிலே மாலைதோறும் இக்காட்சியைக் காணலாம்.

இம்மரபு ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே செய்யிது அனபிய்யா புலவர் நபிகள் நாயகம் பிள்ளைத்தமிழ் பாடினார். முஸ்லிம் புலவர்கள் பலர் அவர் வழியிலே பாடினர். பிள்ளைமை எல்லார்க்கும் பொதுச் சொத்து என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமோ?

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைத்தமிழிலே பிள்ளை ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. குட்டிப் பீமனைப் போலவே அதுவும் பேசாப் பிள்ளை. ஆயினும் அந்நூல் முழுவதும் பேச்சு. அப்பேச்சு தாயின் பேச்சு, செவிலியின் பேச்சு, உடன் விளையாடும் சிறுமியரின் பேச்சு. பேசாத பிள்ளையைச் சுற்றிப் பேசும் வீடு ஒன்று இருந்தது. பேசாத படத்துக்கும் நாம் செய்ய வேண்டுவது அதுவே.

மருதமுனைத் தறியிலே பாவு நீட்டிக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது எளிதிலே விளங்கும். பாவு மட்டும் துணியாகாது; குறுக்கே ஊடை ஓட வேண்டும். படம் பாவு எனின், வீட்டாரின் சொல்லே ஊடை. சிங்களத்திலே டைட்டஸ் தொட்டவத்த என்னும் கலைஞர், 1982ஆம் ஆண்டிலே தொடங்கிய ரூபவாஹினியிலே அயல்நாட்டுச் சித்திரப் படங்களுக்குச் சிங்கள நாக்குக் கொடுத்துப் பெரும் புகழ் பெற்றார். குட்டிப் பீமனுக்கு அத்தகைய பெருங்கலைஞரும் தேவையில்லை. ஒலிப்பதிவுக் கூடமும் தேவையில்லை. பாயிலே பக்கத்தில் அமர்ந்திருக்கும் மூதாட்டி ஒருவரே போதும்.

அத்தகைய மூதாட்டிக்கு நம்மூரிலே குறைவில்லை. பெரியநீலாவணை முதல் அக்கரைப்பற்று வரை தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாலையிலே கோத்த மணிகள்போல மாறி மாறிக் கிடக்கின்றன. மணமகன் பெண்வீட்டுக்கு வந்து குடியமரும் வழக்கம் இரு சாராருக்கும் பொது. ஆதலால் பிள்ளை கண் விழித்தால் எதிரிலே அம்மம்மா நிற்பார். முஸ்லிம் வீடாயின் உம்மம்மா நிற்பார். தாலாட்டும் கவியும் பழங்கதையும் அவர்கள் நாவிலே இன்னும் இருக்கின்றன. கைத்தொலைபேசி வந்த பின்னர் அவர்களிடம் பிள்ளையை விடுவது குறைந்து போயிற்று. அவர்கள் வாயும் ஓய்ந்து போயிற்று.

அவர்கள் கையிலே பிள்ளையையும் படத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். "அங்க பாரு மனே, அவன்ட கை எட்டல்ல. இப்ப என்னத்தில ஏறப் போறான்?" என்று அவர் கேட்பார். பிள்ளை விரலை நீட்டும். "ஓ, அந்தப் பெட்டியிலயா? விழுந்தா நோகுமே!" என்பார். பிள்ளை "நோவு" என்னும். ஒரு சொல் பிறந்துவிட்டது. எந்தத் திரையும் தராத சொல் அது. கேள்வி கேட்டு, விடைக்குக் காத்திருந்த ஒருவரால் வந்த சொல். தீபாவளி விளக்கும் ஹோலி வண்ணமும் இத்தொடரின் சிறப்புக் கதைகளிலே வரும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை அது என்னவென்று கேட்டால் மலைக்க வேண்டியதில்லை. 'அது அயல்வீட்டாரின் பெருநாள். நமது பெருநாளுக்கு நாம் வட்டிலப்பம் கொடுத்தனுப்பும் வீடு' என்றால் தீர்ந்தது. அயலாரை அறிவதற்கும் அது ஒரு பாடம்.

இதிலே மாணவர்களுக்கும் பங்குண்டு. தம்பி தங்கையோடு ஒரு கதையை ஒலியின்றிப் பார்த்து, அதனை நம்மூர்த் தமிழிலே பத்து வாக்கியங்களாக எழுதிப் பாருங்கள். தொங்குதல், வழுக்குதல், உருளுதல், தத்துதல், பதுங்குதல் என வினைச்சொற்கள் எத்தனை வேண்டியிருக்கின்றன என்பது அப்போது தெரியும். எழுதியதைச் சிறு பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். அது சிரித்தால் உங்கள் உரைநடை தேறிற்று. எழுந்து போய்விட்டால் மறுபடியும் எழுதுங்கள்.

சமைக்கும் நேரத்திலே போனைக் கொடுக்கலாமா என்று கேட்ட தாய்க்கு நாம் கூறிய முடிவான விடை இது: "அடுப்படியிலே பிள்ளைக்கு எட்டாத இடத்திலே தீயை வைத்துக் கொள்ளுங்கள், பிள்ளைக்கு ஒரு சட்டியும் அகப்பையும் கொடுங்கள், நீங்கள் வெங்காயம் அரிவதையும் மீன் கழுவுவதையும் வாயாற் சொல்லிக் கொண்டே செய்யுங்கள். கதை பார்ப்பதானால், கை ஓய்ந்த பின்னர், உம்மாவும் மகனும் சேர்ந்து ஒன்றிரண்டு பாருங்கள்." அவர் சிரித்து, "சட்டி உடையும் சேர்" என்றார். உடையட்டும். குட்டிப் பீமன் உள்ள வீட்டிலே சட்டி உடைவது வழக்கந்தானே. சந்தையிலே வேறு சட்டி வாங்கலாம். பிள்ளை பேச்சைப் பழகும் அச்சில ஆண்டுகளையோ எச்சந்தையிலும் வாங்க இயலாது.