மெடல் வாங்கியாச்சு, புதன்கிழமையே எதுக்கு ஓட்டம்?

மாரத்தான் முடிந்த மறுநாள் காலை மின்சார ரயில் நிலையத்துப் படிக்கட்டைப் பாருங்கள். ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டில் இறங்குவார். இன்னொருவர் பின்பக்கமாகவே இறங்குவார். முதல் நாள் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர் ஓடிய வீரர்கள் இவர்கள்தான்!

சென்னையில் ஜனவரி மாதம் இந்த ஓட்டம் நடக்கிறது. குமாஸ்தாவும் ஓடுகிறார், கடைக்காரரும் ஓடுகிறார். நல்ல காரியம், பாராட்டுகிறோம். நமது கவலை ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைப் பற்றியது அல்ல. அதற்கு அடுத்த புதன்கிழமையைப் பற்றியது.

"என்ன சார், மூணு நாளா பீச் பக்கம் ஆளையே காணோம்?" என்று கூட ஓடுகிறவர் கேட்டுவிடுவார். இவருக்கு ரோஷம் வந்துவிடும். வலி இருக்கிறதே? அதற்கென்ன, டாக்டர் சீட்டு கேட்காமலே மாத்திரை கொடுக்கிற கடைகள் ஊரில் இல்லையா! போட்டுக்கொண்டு ஷூவை மாட்டிவிடுவார்.

இது வீண் வீம்பு.

உள்ளே என்ன நடக்கிறது?

நீண்ட ஓட்டத்தில் தசை நார்கள் கண்ணுக்குத் தெரியாமல் கிழிகின்றன. வலி உச்சத்துக்குப் போவது இரண்டாம், மூன்றாம் நாளில்தான். ஐந்தாறு நாளில் வலி போய்விடும். இங்கேதான் ஆள் ஏமாறுகிறார். வலி போனாலும் உள்ளே ரிப்பேர் வேலை முடிந்திருக்காது. எலும்பும் தசைநாணும் தசையைவிட மெதுவாகத்தான் தேறும். அந்த நேரத்தில் வேகமாக ஓடினால் எலும்பில் கீறல் விழலாம். அப்புறம் மாதக்கணக்கில் வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

சிறுநீரகமும் சும்மா இருப்பதில்லை. 2015-ல் அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரில் மாரத்தான் ஓடிய 22 பேரை யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் சோதித்தார்கள். நூற்றுக்கு 82 பேருக்கு சிறுநீரகம் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அந்த நிலையில் வலி மாத்திரையை விழுங்கினால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. நமது ஊர் வெயிலையும் வேர்வையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!

கிழவர் சொன்ன கணக்கு

நியூசிலாந்தில் ஜாக் பாஸ்டர் என்று ஒரு ஓட்டக்காரர் இருந்தார். 1974-ல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டி மாரத்தானில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அப்போது வயது 41. ஓட்டக்காரர்கள் மத்தியில் அவர் பெயரில் ஒரு கணக்கு உண்டு. பந்தயத்தில் எத்தனை மைல் ஓடினாயோ, அத்தனை நாள் அடுத்த பந்தயத்தை நினைக்காதே! மாரத்தான் 26 மைல். ஆகவே 26 நாள். அரை மாரத்தானுக்கு 13 நாள்.

அதற்காக 26 நாளும் படுத்துக்கிடக்கச் சொல்லவில்லை. முதல் வாரம் நடந்தால் போதும். ஓட்டம் வேண்டாம். நன்றாகச் சாப்பிட வேண்டும், தூக்கத்தில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டாவது வாரம் வலி இல்லை என்றால் 20 நிமிடம், அரை மணி மெதுவாக ஓடலாம், ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். வேகத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பேசிக்கொண்டே ஓட முடியவில்லை என்றால் வேகம் ஜாஸ்தி என்று அர்த்தம்.

சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுருக்கென்று வலிக்கிறதா? அப்போதும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இரண்டு கோரிக்கை

ஆபீஸ் மேலாளர்களே, ஓடிய ஊழியர் திங்கட்கிழமை லீவு கேட்டால் முகத்தைச் சுளிக்காதீர்கள். லீவு இல்லையென்றால் அன்று ஒருநாளாவது அவரை மாடிக்கும் கீழுக்கும் பைல் தூக்க விடாதீர்கள்.

ஓட்டம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லைக்கோட்டில் மெடல் கொடுக்கிறீர்கள், வாழைப்பழமும் தண்ணீரும் கொடுக்கிறீர்கள். கூடவே அடுத்த நாலு வாரம் என்ன செய்யலாம், என்ன கூடாது என்று தமிழில் அரைப்பக்க நோட்டீஸ் அடித்து ஓடியவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். அச்சுக்கூலி மெடல் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது.