கோப்பிக்குக் கூடுவோம், பங்களாவில் வேண்டாம்

கோப்பிப் பிரியர்கள் எல்லாரும் மலையகத்தில் ஒருநாள் கூடுவோம் என்று பேச்சு எழுந்ததும் வந்த முதல் யோசனை: ஹோட்டலாக மாறிய ஏதாவதொரு பழைய துரை பங்களா. நாங்க ஒத்துக்கல.

நாங்களும் கோப்பிப் பைத்தியங்கள்தான். ஆனா இந்த மலையில் கோப்பியை வெறும் ருசியாகப் பேச முடியாது. 1820களில் எங்கள் ஆட்களைக் கூட்டி வந்தது தேயிலைக்கு இல்ல, கோப்பிக்கு. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1869இல் இலைத்துரு நோய் வந்தது; கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. பயிரை மாற்றினார்கள், லயத்தை மாற்றவில்லை. 1948இல் குடியுரிமையும் போச்சு.

இந்த வரலாற்றைச் சொல்றவங்க நோய்க்குப் பெயர் சொல்வாங்க, துரைமாருக்கும் பெயர் சொல்வாங்க. கோப்பி பறிச்ச கைகளுக்கு? 'கூலிகள்' என்று ஒரே சொல்.

"ஒரு கோப்பிக்கு இவ்வளவு அரசியலா, ஜாலியா இருப்போமே" என்பார்கள். இருப்போம். பங்களாவில் ஒருவர் ஜாலியாக இருக்க இன்னொருவர் தட்டு ஏந்தி நிற்கணும், அதுதான் பிரச்சினை.

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து வாசிகசாலையில் கூடுவோம், அங்குள்ளவர்கள் சம்மதித்தால். அவர்களையும் அழைப்போம், பரிமாற இல்ல, உட்கார்ந்து குடிக்க, பேச. நாள் மட்டும் ஞாயிறாக இருக்கட்டும். மற்ற நாளில் அவங்க மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாங்க.