ஏர்பாக்ஸைக் கழற்றி எறியாதீர்கள்

புல்லட் வாங்கியவர் அதைத் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள ஆசைப்படுவதில் தவறில்லை. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் இயங்க, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை காஞ்சிபுரத்தை அடுத்த தாமலைத் தொட்டுக்கொண்டு போகும் இந்த வட்டாரத்தில் அந்த ஆசை இருப்பது இயல்பு. ஆனால் கஃபே ரேசரோ பாபரோ, எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் பட்டறையில் பெரும்பாலும் முதலில் போவது பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் இருக்கும் காற்றுப் பெட்டியான ஏர்பாக்ஸ். கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, அழகில்லை, இடத்தை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டு ஒரு கோன் ஃபில்டரை மாட்டினால் வண்டியின் நடுப்பகுதி வெளிச்சமாகத் தெரியும், உறுமலும் கூடும். அந்த உறுமலைத்தான் சக்தி என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அன்றாடம் சாலையில் ஓடும் வண்டியில் நடப்பது வேறு.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். 350 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின் அதைச் சீராக இழுப்பதில்லை. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 33 முறை விட்டுவிட்டு உறிஞ்சுகிறது. ஒவ்வொரு முறையும் அலைபாயாத காற்று பக்கத்திலேயே இருப்பில் இருக்க வேண்டும். ஏரியில் நீர் தேங்கி நிற்பதால்தான் மதகைத் திறந்ததும் கால்வாய் நிறைகிறது. பெரிய ஏரி உள்ள தாமல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஞ்சினுக்கு அந்த ஏரிதான் ஏர்பாக்ஸ். பெட்டியின் கொள்ளளவு, காற்று நுழையும் குழாயின் நீளம், விட்டம் எல்லாம் அந்த எஞ்சினுக்கென்றே கணக்கிடப்பட்டவை. பெட்டியை எடுத்துவிட்டால், ஊருக்குள்ளும் காஞ்சிபுரம் போகும் வழியிலும் தேவைப்படும் நடுத்தரச் சுற்று இழுவைதான் முதலில் அடிபடும். உச்சச் சுற்றில் ஏதாவது கூடினாலும் அந்தச் சுற்றில் புல்லட் ஓட்டுகிறவர் யார்? போதாக்குறைக்கு, திறந்த ஃபில்டர் எஞ்சினைச் சுற்றியுள்ள சூடான காற்றை உறிஞ்சுகிறது. காற்று 10 டிகிரி சூடேறினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும், ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறையும். ஜல்லி, எம்-சாண்ட் லாரிகளின் புழுதியும் ஐப்பசி மழையும் நேராக ஃபில்டர் மேலேயே படும். தரமில்லாத ஃபில்டர் விட்டுவிடும் நுண்மணல் பிஸ்டன் வளையங்களைத் தேய்க்கும். எஞ்சினின் எண்ணெய்ப் புகை ஏர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயும் அநாதையாகி, அந்தப் புகை தெருவுக்கு வந்துவிடுகிறது.

பெட்ரோல் வரும் ஜெட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள் அனுபவமுள்ள மெக்கானிக்குகள். கார்புரேட்டர் வண்டிகளில் இது பாதி உண்மை. பெரிய ஜெட் பெட்ரோலைக் கூட்டும், இழந்த காற்று இருப்பைத் திருப்பித் தராது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 நடைமுறைக்கு வந்த பின் விற்கும் ஃபியூயல் இஞ்செக்ஷன் வண்டிகளில் அந்த வழியும் இல்லை. ஆக்ஸிஜன் சென்சாரைக் கொண்டு கணினி ஓரளவுதான் ஈடுகட்டும், முழு ஆக்சிலரேட்டரில் அதுவும் நடக்காது. பந்தய வண்டிகளைக் காட்டி வாதிடுவோரும் உண்டு. 1990 முதல் இதே நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இயங்குகிறது. அங்கே ஓடும் வண்டியின் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள், பத்தாண்டு உழைக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. உலகத் தரத்துப் பந்தய பைக்குகளோ ஏர்பாக்ஸை வீசி எறிவதில்லை, பெரிதாக்குகின்றன. வண்டியின் முகப்பிலிருந்து குளிர்ந்த காற்றை அதற்குள் அழுத்தி நிரப்புகின்றன.

ஆகவே மாற்ற விரும்புகிறவர் பெட்டியின் உருவத்தை மாற்றட்டும், கொள்ளளவைக் குறைக்காமல். அலுமினியத் தகட்டிலோ ஃபைபரிலோ புதுப் பெட்டி செய்யலாம். காற்று நுழையும் வாயை எஞ்சின் சூட்டிலிருந்து விலக்கி வைக்கலாம், புகைக் குழாயை அதிலேயே இணைக்கலாம். கைத்தொழில் திறனுக்குப் பஞ்சமில்லாத ஊர்ப்பக்கம் இது.

இவ்வளவு பொறுப்பாகச் செய்தாலும் சட்டத்தின் முன் இவரும் பெட்டியைப் பிய்த்து எறிந்தவரும் ஒன்றாகவே நிற்க நேரிடலாம் என்பதுதான் என் வருத்தம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விதிமீறலுக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. பாதுகாப்பையும் அக்கம்பக்கத்தார் தூக்கத்தையும் நினைத்தால் தடை தேவைதான். ஆனால் பிரிட்டனில் தனி மோட்டார் சைக்கிளுக்கும் சோதனை வைத்து ஒப்புதல் தருகிறார்கள், ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் பரிசோதித்துச் சான்று தருகிறார். இங்கேயும் 2019 திருத்தம், மாற்றங்களுக்கான தரத்தையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. சத்தம், புகை இரண்டையும் அளந்து, தேறிய வண்டியின் ஆர்.சி.யில் மாற்றத்தைப் பதிவுசெய்யும் விதியை அந்த அதிகாரத்தின் கீழ் அரசு கொண்டுவர வேண்டும். அதுவரை, கழற்றிய ஏர்பாக்ஸைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் வண்டியிலேயே திரும்ப மாட்டுங்கள்.