ஆயாம்மாவுக்கும் பயிற்சி கொடுங்கள்!

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் திடீரென்று மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டு வர ஆரம்பித்தாள். 'விடியற்காலையில எழுந்து சமைக்கிறேன், வீணாக்கறியே' என்று திட்டினேன். வகுப்பு டீச்சரோ, 'பாடத்தில் கவனமில்லை' என்று டைரியில் எழுதி அனுப்பினார். மூன்று வாரம் இப்படியே ஓடியது.

ஒருநாள் அவளைக் கூப்பிடப் போனபோது பள்ளி ஆயாம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாப்பா சாப்பாட்டு நேரம் பூரா பாத்ரூம்லயே நிக்குதும்மா."

வீட்டுக்கு வந்து மெதுவாகக் கேட்டதும் அழுதுவிட்டாள். மாதவிலக்கு நாளில் பாவாடையில் கறை பட்டதைப் பார்த்து வகுப்பில் சிலர் கேலி செய்திருக்கிறார்கள், பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். அதற்குப் பயந்துதான் ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

மறுநாள் ஆயாம்மாவிடம், "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். "பார்த்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன். யாருகிட்ட சொல்றது? மிஸ்கிட்ட போனா 'உன் வேலையைப் பாரு'ன்னுடுவாங்க" என்றார். அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை.

குழந்தைகள் மனம் வாடுவதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஆயா, வாட்ச்மேன், வேன் டிரைவர் போன்றவர்கள்தான். ஆனால் பயிற்சி, கூட்டம் என்று எது நடந்தாலும் அவர்களைக் கூப்பிடுவது அபூர்வம். ஆசிரியைகளையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அத்தனை பிள்ளைகளையும் பாடத்தையும் கட்டி மேய்க்கும் அவர்களுக்கு, பிடிவாதத்துக்கும் மன வேதனைக்கும் உள்ள வித்தியாசத்தை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

2012 பிப்ரவரியில், நம் சென்னையில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றதை மறக்க முடியுமா? அதன்பின் அரசு நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் தமிழ்நாடு முழுவதுக்கும் அப்போது வந்தவை 10 வண்டிகளே. பிறகு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று பெட்டி வைத்தார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் எழுதிப் போடத் துணிச்சல் இல்லாத பிள்ளையை, முகத்தைப் பார்த்து ஒரு பெரியவர்தானே கண்டுபிடிக்க வேண்டும்?

இன்னொன்று. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம். 6 மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் 1 வருடம் வரை சிறை. ஆயாவும் வாட்ச்மேனும்கூட இதற்கு விலக்கல்ல. அதை அவர்களுக்குச் சொல்லி வைத்த பள்ளி எத்தனை?

பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒருநாள், பிறகு பருவத்துக்கு ஒருமுறை, மனநல ஆலோசகரை வரவழைத்து எல்லா ஊழியர்களுக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுக்கட்டும். சாப்பிடாமல் இருப்பது, தனியே ஒதுங்குவது, அடிக்கடி வயிற்றுவலி என்பது, கையில் காயம், திடீர் முரட்டுத்தனம் – இவற்றைக் கவனிக்கச் சொல்லித் தரட்டும். பத்து பேர் முன்னால் விசாரிக்காமல், தனியே கூப்பிட்டுப் பொறுமையாகக் கேட்கவும், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று பொய்ச் சத்தியம் செய்யாமல் இருக்கவும் பழக்கட்டும். பார்த்ததை யாரிடம் சொல்வது என்று ஒருவரைக் குறித்து, அந்தப் பெயரை எல்லோருக்கும் தெரிவிக்கட்டும். 1098, 14417 என்ற உதவி எண்களைச் சுவரில் எழுதி வைக்கட்டும். முக்கியமாக, ஆயா வந்து சொன்னால் காது கொடுத்துக் கேட்கட்டும்!

தாய்மார்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை மட்டும் கேட்காமல், 'இந்தப் பயிற்சி உண்டா?' என்றும் கேளுங்கள். டிபன் பாக்ஸ் நிரம்பித் திரும்பி வந்தால் என்னைப் போல முதலில் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள்.

என் மகள் இப்போது தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அதற்குக் காரணம் அந்த ஆயாம்மா. அவருக்கு யாரும் சொல்லித் தராமலே ஒரு குழந்தை தப்பித்தது; சொல்லிக் கொடுத்தால் எத்தனை குழந்தைகள் தப்பிக்கும்! பள்ளி நிர்வாகிகள் யோசிப்பார்களா?

– ஓர் இல்லத்தரசி, பெருங்குடி, சென்னை – 96.