மாம்பலம் தாண்டி ஒரு ஸ்டேஷன்

“சார், இன்னிக்கு அஞ்சரைக்கே கிளம்பணும். ஸ்டேஷன் பார்க்கணும்” என்றேன் மேனேஜரிடம்.

“எந்த ஸ்டேஷன்? மாம்பலமா?”

“இல்ல சார், ஸ்பேஸ் ஸ்டேஷன்.”

இரண்டு விநாடி என்னையே பார்த்தார். என் பக்கத்து சீட்டுக்காரர் ஒரே பாட்டியை மூன்று முறை சாகடித்து லீவு வாங்கியவர். அவருக்கே தோன்றாத காரணம் இது. “போங்க” என்று விட்டுவிட்டார். நிஜத்தைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் சில சமயம் வேலை நடந்துவிடுகிறது.

விஷயம் இதுதான். நம் தலைக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஃபுட்பால் மைதானம் அகலத்துக்கு ஒரு வீடு சுற்றிக்கொண்டிருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம். வேகம் மணிக்கு 28,000 கிலோமீட்டர். சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு ரவுண்டு. நான் தாம்பரத்தில் கிளம்பி, டிரெயின் பிடித்து, ஷேர் ஆட்டோவில் தொங்கி, ஆபீஸில் கார்டு தேய்ப்பதற்குள் அது பூமியையே சுற்றிவிட்டு வந்துவிடும். 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட அங்கே ஆளில்லாமல் இருந்ததில்லை. 2025 ஜூனில் நம் சுபான்ஷு சுக்லா போய்ப் பதினெட்டு நாள் தங்கிவிட்டு வந்தாரே, அதே வீடுதான்.

இதைப் பார்க்க டெலஸ்கோப் வேண்டாம், பைனாகுலர் வேண்டாம். மொட்டை மாடி போதும். நமக்கு சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில். அந்த வெயில் நிலையத்தின் மேல் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. நட்சத்திரம் மாதிரி மினுக்காது. ஏரோப்ளேன் மாதிரி சிவப்பு விளக்கு போட்டு விட்டு விட்டு எரியாது. பளிச்சென்று, ஒரே சீராக, சத்தமே இல்லாமல் போகும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் என்று நாசாவே சொல்கிறது. 2030 வாக்கில் இதைக் கடலில் இறக்கிவிடுவதாகத் திட்டம். அதனால் பார்க்க நினைப்பவர்கள் ரொம்ப யோசிக்க வேண்டாம்.

அன்றைக்கு 7.08. தென்மேற்கில் ஆரம்பம். தை மாசம், நிலா இல்லை. போதாக்குறைக்கு எங்கள் தெருவில் கரன்ட்டும் இல்லை. மின்சார வாரியத்துக்கு மனமார நன்றி சொன்ன ஒரே ஆள் அன்று நானாகத்தான் இருப்பேன்.

அப்பாவையும் கைபிடித்து மாடிக்குக் கூட்டிப்போனேன். எனக்கு வானம் காட்டியதே அவர்தான். மாயவரம் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில், கோடை முழுக்க மாடியில்தான் படுக்கை. இரண்டு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தைக் காட்டி, “இதாண்டா ஆர்யபட்டா. 1975-ல நம்மாளுங்க பண்ணது, ரஷ்யாக்காரன் ஏத்தி விட்டான்” என்பார். நோட்டைத் திருப்பித் தரமாட்டேன் என்று நான் அடம் பிடித்தது தனிக்கதை. கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை எல்லாம் எனக்குப் பஞ்சாங்கத்துக்கு முன்னாலேயே அவர் விரல் நுனியில் அறிமுகமானவை.

சரியாக 7.08. என் பெண்தான் முதலில் கத்தினாள். “தாத்தா! அதோ, அதோ!”

தண்ணீர் டேங்குக்கு மேலே ஏறி வந்தது. வானத்திலேயே அதுதான் பிரகாசம். டிஷ் ஆன்டெனா, துணிக்கொடி, எதிர்வீட்டுத் தென்னை என்று ஒவ்வொன்றாகத் தாண்டிக் கிழக்கே போய், பாதி உயரத்தில் யாரோ ஸ்விட்சை அணைத்தது போல மங்கி மறைந்தது. பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. இத்தனையும் நாலு நிமிஷம்.

“பார்த்தீங்களாப்பா?”

“பார்த்தேன், பார்த்தேன். பிரமாதம்!”

திரும்பினேன். அப்பாவின் முகம் இன்னும் தென்மேற்கில் டேங்க் பக்கமே இருந்தது.

எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. சாதாரணமாகக் கேட்பது போல, “கார்த்திகையில இப்ப எத்தனை தெரியுதுப்பா?” என்றேன்.

“ஆறு.” தலையைத் தூக்காமலே பதில்.

கண் சோதிப்பதற்கு அந்தக் காலத்திலிருந்து இருக்கும் பரீட்சை இது. கார்த்திகைக் கூட்டத்தில் நல்ல கண்ணுக்கு ஆறு தெரியும். முருகனை வளர்த்த பெண்கள் ஆறு பேர். கிரேக்கர்கள் ஏழு சகோதரிகள் என்றார்கள். நிஜத்தில் அங்கே ஆயிரத்துக்கும் மேல். சுமார் 440 ஒளி ஆண்டு தூரம். இன்று நம் கண்ணில் படுவது, தஞ்சாவூரை நாயக்கர்கள் ஆண்ட சமயத்தில் கிளம்பிய வெளிச்சம்.

“எங்கே, எண்ணிக் காட்டுங்க.”

கை சரியாக உச்சிக்குப் போனது. அறுபது வருஷப் பழக்கம். எண்ணவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: “ஒரு பஞ்சு மாதிரி இருக்குடா. ரெண்டு வருஷமா இப்படித்தான். ஊர்ல லைட்டு ஜாஸ்தியாயிடுச்சு, அதான்னு நெனச்சுட்டேன்.”

சுக்லா மேலே போகும்போது கேரட் அல்வா எடுத்துக்கொண்டு போனது வரைக்கும் எனக்குத் தெரியும். அடுத்த ரூமில் இருக்கிற மனுஷருக்குக் கண் தெரியாதது தெரியவில்லை. காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதாக நினைத்துத்தான் ஷூ மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். புரட்டிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார்.

இரண்டு கண்ணிலும் புரை. அடுத்தடுத்து ஆபரேஷன். ஒவ்வொன்றும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டர் ஒரு தகவல் சொன்னார். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து, முதலில் நீலத்தைத்தான் வடிகட்டுமாம். புது லென்ஸ் வைத்ததும் சிலர் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டீர்களா என்று கேட்பார்களாம்.

அப்பா பெயின்ட் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சொட்டு மருந்து கெடு முடிந்த அன்று, மார்ச் நடுவில், தானே மாடிப்படி ஏறினார். எனக்கு முன்னால். கார்த்திகை அதற்குள் மேற்கே சாய்ந்திருந்தது. கரன்ட் இருந்தது, தெருவிளக்கு எரிந்தது, ஒரு கல்யாண மண்டபம் வேறு சீரியல் செட்டில் ஜொலித்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

“நாலுதான்டா தெரியுது.”

எனக்கு பக்கென்றது. பிறகுதான் நானும் எண்ணிப் பார்த்தேன். எனக்கும் நாலுதான்.

“இப்ப நெஜமாவே லைட்டுதான்” என்றார், ஏதோ கேஸ் ஜெயித்த மாதிரி. அப்புறம், “நீலமா இருக்குடா. மறந்தே போயிட்டேன்” என்றார்.

பக்கத்தில் ரோகிணியைக் காட்டினேன். சுமார் 65 ஒளி ஆண்டு. அப்பாவுக்கு வயது அறுபத்தாறு. அவர் தவழ்ந்துகொண்டிருந்தபோது அங்கிருந்து புறப்பட்ட வெளிச்சம் இப்போதுதான் வந்து சேர்கிறது என்றேன்.

“நல்லவேளை, ஆபரேஷன் முடிஞ்சு வந்திருக்கு” என்றார்.

மேனேஜர் மறுநாள், “என்ன சார், ஸ்டேஷன்ல ஏதாவது அனௌன்ஸ்மென்ட் உண்டா?” என்று கேட்டார். வீட்டு டைம்டேபிள் இப்போது என் கையில் இல்லை என்றேன். நிஜம்தான். பேத்தி போனில் பார்த்துச் சொல்கிறாள், அப்பா தினசரி காலண்டரில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார். இன்றைய தாளில், ராகு காலத்துக்குக் கீழே: ‘6.51. வடமேற்கு. டேங்க் மறைக்கும், தள்ளி நிற்கவும்.’