கண் மதிப்பும் கருவி மதிப்பும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் துப்பாக்கிப் பிரியர்கள் அனேகர் உண்டு. அவர்களில் கடையில் விற்பதை வாங்கி வைத்துக் கொள்வதோடு திருப்தி அடையாமல், தங்கள் வீட்டுப் பட்டறையிலேயே பழைய பாகங்களையும் புதிய பாகங்களையும் சேர்த்து ரைபிள் கட்டிக் கொள்ளுகிறவர்கள் ஒரு தனிக் கூட்டத்தார். இவர்களுக்குள் எத்தனையோ வருஷங்களாக ஒரு வாதம் ஓயாமல் நடந்து வருகின்றது. பழைய ஸ்பிரிங்பீல்டு ரைபிளின் ரிசீவரை நம்பிச் சுடலாமா, கூடாதா என்பதே அந்த வாதம். துப்பாக்கியைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கலாம். நமக்குத் துப்பாக்கியைப் பற்றி அதிகக் கவலை இல்லை என்பது வாஸ்தவமே. ஆனால் அந்த வாதத்தில் இரு பக்கத்தாரும் சொல்லுகின்ற காரணங்களைக் கேட்டால், அவை துப்பாக்கியோடு நின்று விடக்கூடியவை அல்ல என்பது விளங்கும்.

முதலில் ரிசீவர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறோம். ரைபிளின் குழல் ஒரு முனையில் திருகப்பட்டிருக்கும் இரும்புக் கூட்டிற்குத்தான் ரிசீவர் என்று பெயர். தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை அடைக்கின்ற போல்ட் என்னும் தாழ் அதற்குள்தான் ஓடும். தோட்டா வெடிக்கும்போது ஒரு சதுர அங்குலத்திற்கு சுமார் 50,000 பவுண்டு அழுத்தம் உண்டாகிறது. அந்த அழுத்தத்தைச் சுடுகிறவனுடைய கண்ணுக்கும் மூக்குக்கும் சில அங்குல தூரத்தில் தாங்கி நிற்கின்ற வஸ்து இந்தக் கூடும் தாழுமே ஆகும். ஆகவே குழல் கோணலாயிருந்தால் குறி தப்பும்; ரிசீவர் கெட்டதாயிருந்தால் கண் தப்பாது.

இனி சங்கதிக்கு வருவோம். 1903ம் வருஷ மாதிரி ரைபிள் என்பதை அமெரிக்க சர்க்கார் தங்களுடைய இரண்டு தொழிற்சாலைகளில் செய்து வந்தார்கள். ஒன்று மாசசூசெட்ஸ் மாகாணத்திலுள்ள ஸ்பிரிங்பீல்டு, மற்றொன்று இல்லினாய் மாகாணத்திலுள்ள ராக் ஐலண்டு. 1917ம் வருஷத்தில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிப் புதுச் சிப்பாய்களைப் பழக்க ஆரம்பித்த காலத்தில், சுடும் களத்தில் சில ரைபிள்களின் ரிசீவர்கள் வளையாமல், வீங்காமல், கண்ணாடிச் சில்லுபோல் சிதறி விழுந்தன. நல்ல உருக்கு அப்படிச் சிதறக் கூடாது. மிஞ்சிப்போனால் வீங்கும், பிளக்கும். துண்டு துண்டாய்ப் பறக்காது. பிறகு விசாரணை நடந்தது. அதன் விபரத்தை, அச்சேனையின் ஆயுத இலாகாவில் மேஜர் ஜெனரல் பதவி வரை வகித்த ஜூலியன் ஹாட்சர் என்பவர், 1947ம் வருஷத்தில் வெளியிட்ட தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கின்றார்.

விசாரணையில் கண்டது என்ன? உருக்கு கெட்ட உருக்கு அல்ல. வரைபடமும் தவறானதல்ல. உலைக்களத்தில் உருக்கைக் காய்ச்சும்போது சூடு போதுமா போதாதா என்பதைத் தணலின் நிறத்தைப் பார்த்துக் கண்ணாலேயே தீர்மானித்து வந்தார்கள். பார்த்தவர்கள் புதியவர்கள் அல்ல. வெகு வருஷம் பழகிய கைதேர்ந்த தொழிலாளிகள். அப்படிப்பட்டவர்களுடைய கண்ணுக்குச் “சரியான பதம்” என்று பட்ட சூட்டை உஷ்ணமானி வைத்து அளந்து பார்த்தபோது, மேகம் மூடிய நாளில் ஒரு அளவாகவும், நல்ல வெயில் அடிக்கும் நாளில் அதைவிடப் பாரன்ஹீட் 300 டிகிரி வரைக்கும் அதிகமாகவும் இருந்தது! காரணம் வெகு சாதாரணமானது. வெளிச்சத்தில் தணல் மங்கித் தெரியும். இருட்டில் பளிச்சென்று தெரியும். வெயில் நாளில், வழக்கமான நிறம் வருகிறவரையில் தொழிலாளி மேலும் மேலும் காய்ச்சினான். உருக்கு வெந்து கருகிற்று. அதன் மணிகளுக்கு இடையிலுள்ள கட்டு விட்டுப் போயிற்று. வெளியில் பார்ப்பதற்கு மாத்திரம் மற்ற ரிசீவர்களைப் போலவே வழவழப்பாகவும் அழகாகவும் இருந்தது.

தொழிலாளியின்மீது குற்றம் சொல்ல நாம் இதை எழுதவில்லை. அவனுடைய கண் பொய் சொல்லவில்லை. கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவை அது சொல்லிற்று. தெரியக்கூடாத காரியத்தைக் கண்ணிடம் ஒப்படைத்தவர்களே குற்றவாளிகள். கருவி கிடைக்காத காலமா அது? 1782ம் வருஷத்திலேயே இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்னும் மட்பாண்டத் தொழிலதிபர், தம் சூளையின் சூட்டை அளக்க ஒரு கருவி செய்து, அதை ராயல் சொசைட்டிக்கு எழுதித் தெரிவித்தார். அது துல்லியமானதல்ல என்பது உண்மைதான். ஆனாலும் சட்டியும் பானையும் சுடுகிறவருக்கு, கண்ணை மாத்திரம் நம்பினால் சரக்கு வீணாகும் என்கின்ற புத்தி வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நூறு வருஷம் கழிந்து, பிரஞ்சு விஞ்ஞானி லெ சாதலியே பிளாட்டினக் கம்பிகளைக் கொண்டு அதிக சூட்டையும் சரியாக அளக்க வழி செய்து கொடுத்தார். வெட்ஜ்வுட்டின் காலத்திலிருந்து 135 வருஷம் சென்ற பின்பும், மனிதன் முகத்தருகே வெடிக்கின்ற சாமானைச் செய்கிற ஒரு பெரிய சர்க்காரின் தொழிற்சாலையில் கண்ணே உஷ்ணமானியாக இருந்ததென்றால், அதற்கு “இதுவரையில் இப்படித்தான் செய்து வந்தோம்” என்பதைத் தவிர வேறு என்ன சமாதானம் இருக்க முடியும்?

விஷயம் தெரிந்ததும் உலைகளில் உஷ்ணமானி வைத்தார்கள். பதம் வைக்கும் முறையையும் இரட்டைப் பதமாக மாற்றினார்கள். ஸ்பிரிங்பீல்டில் சுமார் 8,00,000 என்ற நம்பரிலிருந்தும், ராக் ஐலண்டில் 2,85,507 என்ற நம்பரிலிருந்தும், 1918ம் வருஷத்தில் இந்தப் புது முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் செய்யப்பட்டவைகளுக்குச் “சிறு நம்பர்” என்று பெயர் வழங்கலாயிற்று. அவை பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை. அவைகளிலே எது வெயில் நாளில் காய்ச்சியது, எது மேக நாளில் காய்ச்சியது என்று எவரும் குறித்து வைக்கவில்லை. உடைத்துப் பார்த்தால் தெரியும். உடைத்த பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை.

இந்தப் பத்து லட்சத்தை என்ன செய்வது? 1927ம் வருஷத்தில் ஒரு கமிட்டி கூடி ஆராய்ந்தது. மறுபடி காய்ச்சிப் பதம் வைத்தால் தேறுமா என்று பார்த்தார்கள். கருகிய உருக்கு தேறவில்லை. ஆகவே சிறு நம்பர் ரைபிள்களை உபயோகத்திலிருந்து எடுத்துவிட வேண்டுமென்று கமிட்டி சொல்லிற்று. ஆனால் ஆயுத இலாகாவில் மேலதிகாரியாயிருந்த ஜெனரல் ஹாப் என்பவர் 1928ம் வருஷத்தில் வேறொரு முடிவு செய்தார். களஞ்சியத்திலிருந்து இவைகளை இனிமேல் யாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாதாம். ஆனால் ஏற்கனவே சிப்பாய்கள் கையில் இருப்பவைகளை, வேறு காரணத்தால் பழுதாகிறவரையில் திரும்ப வாங்க வேண்டியதில்லையாம். களஞ்சியத்தில் உள்ளவைகளை யுத்தத்திற்கென்று ஒதுக்கி வைக்கலாமாம்!

இந்த முடிவின் யோக்கியதையைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம். ஒரு ரைபிள் புதிதாகக் கொடுக்கத் தகாதது என்றால், கொடுத்தாகிவிட்ட ரைபிள் மாத்திரம் எப்படித் தகுந்ததாகும்? களஞ்சியத்து உருக்குக்கும் சிப்பாயின் கையிலிருக்கும் உருக்குக்கும் வித்தியாசம் என்ன? அமைதிக் காலத்தில் ஆபத்தானது யுத்த காலத்தில் மாத்திரம் சாதுவாகிவிடுமா? வித்தியாசம் ரைபிளில் இல்லை, பொறுப்பில் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம். எடுத்துக் கொடுத்தால் கொடுத்தவன் பதில் சொல்ல வேண்டும். சும்மா இருந்துவிட்டால் எவனும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பத்து லட்சம் ரைபிளுக்கு மாற்றுச் செய்யும் பணம் ஒரு பக்கமும், பேர் தெரியாத சில சிப்பாய்களின் கண் ஒரு பக்கமும் வைத்து நிறுக்கப்பட்டன. தராசு எந்தப் பக்கம் தாழ்ந்ததென்று சொல்ல வேண்டியதில்லை.

நிற்க, இப்போது வீட்டுப் பட்டறைக்காரர்களின் வாதத்தைப் பார்ப்போம். இந்த ரிசீவர்கள் பின்னால் ஜனங்கள் கைக்கு வந்து, அனேகர் அவைகளின்மேல் புதுக் குழலும் புதுக் கட்டையும் மாட்டி வேட்டை ரைபிளாக்கிக் கொண்டார்கள். அவர்கள் சொல்லும் முதல் காரணம், “என் பாட்டனார் இதில் ஆயிரக்கணக்கான தோட்டா சுட்டார், ஒன்றும் ஆகவில்லை” என்பது. ஒன்றும் ஆகாதவர்களின் பேரன்மார்தான் இன்று அந்த ரைபிளை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். சிதறிப்போன ரைபிளுக்குச் சாட்சி சொல்லும் பேரன் எங்கிருந்து வருவான்? அந்த ரைபிளே இல்லையே!

இரண்டாவது காரணம், “ஒவ்வொரு ரைபிளையும் 70,000 பவுண்டு அழுத்தமுள்ள தோட்டாவால் சோதித்துத்தானே வெளியே விட்டார்கள்” என்பது. உண்மையே. 1917ல் சிதறியவைகளும் அந்தச் சோதனையில் தேறியவைகள்தான். ஒரு நாள் ஒரு தரம் தாங்கியது என்பதற்கு அந்த நாள் அந்தத் தரம் தாங்கிற்று என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. அதிலும் நொறுங்கும் தன்மையுள்ள உருக்கு, சீரான அழுத்தத்தைத் தாங்கிவிட்டு, பிற்பாடு திடீரென்று வரும் அடிக்குச் சிதறிப் போகும்.

மூன்றாவது காரணம் சற்று மதிக்கத்தக்கது. வெடித்தவைகளில் பல, தோட்டாவின் பித்தளைக் கூடு மட்டமாயிருந்ததாலும், குழலில் அடைப்பு இருந்ததாலும், வேறு ரைபிளின் தோட்டாவைப் போட்டுச் சுட்டதாலும் வெடித்தவை என்கிறார்கள். இது பொய்யல்ல. ஆனால் தோட்டா செய்கிறவன் என்றைக்கும் தவறமாட்டான், சுடுகிறவன் என்றைக்கும் கவனம் பிசகமாட்டான் என்று யாராவது ஜாமீன் கொடுக்க முடியுமா? பிசகு நேரும்போது காப்பாற்றுவதற்காகத்தானே உருக்கு இருக்கிறது? ஒரு பிசகும் நேராதென்றால் தகரத்திலேயே ரிசீவர் செய்துவிடலாமே!

கடைசியாகக் கணக்குக் காட்டுகிறார்கள். ஹாட்சர் தொகுத்த பட்டியலில் 1917 முதல் 1929 வரை உடைந்த ரிசீவர்கள் 68. பத்து லட்சத்தில் 68 என்றால் சுமார் பதினையாயிரத்தில் ஒன்றுதானே என்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் வெடித்தவனுக்குக் கண்ணில் பதினையாயிரத்தில் ஒரு பங்கா போகிறது?

இவர்களில் சிலர், எக்ஸ்ரே பிடித்துப் பார்த்தோம், காந்தத் தூள் தூவிப் பார்த்தோம், விரிசல் இல்லை என்று சந்தோஷப்படுகிறார்கள். விரிசலைக் காட்டும் கருவி விரிசலைத்தான் காட்டும். நாளைக்குச் சிதறப்போகிற உருக்கில் இன்றைக்கு விரிசல் இருக்க வேண்டுமென்கிற கட்டாயம் இல்லை. கருவி என்று பெயர் இருந்தால் மாத்திரம் போதாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் கருவியாகவும் இருக்க வேண்டும்.

மற்றொரு விஷயமும் உண்டு. அமெரிக்காவில் 1968ம் வருஷத்துத் துப்பாக்கிச் சட்டப்படி, ரிசீவர் தனியாகக் கிடந்தாலும் அதுவே சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கி. ஒருவன் தன் சொந்த உபயோகத்துக்கென்று வீட்டில் ஒன்றைச் செய்து கொள்வதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. சில ராஜ்யங்கள் தடுக்கின்றன. அரைகுறையாகச் செய்த சாமான்களைப் பெட்டியில் போட்டு விற்கிறவர்களும் நம்பர் பொறிக்க வேண்டுமென்று 2022ம் வருஷத்தில் விதி செய்தார்கள். 2025ம் வருஷம் மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் அவ்விதியை ஏற்றுக்கொண்டது. நம்பர் என்றால் போலீசாருக்கு உளவு சொல்லும் அடையாளம் என்று இக்கூட்டத்தாரில் பலர் வெறுக்கிறார்கள். போலீசாரைப் பற்றிய அவர்கள் சந்தேகத்தில் நாம் இப்போது தலையிடவில்லை. ஆனால் 1918ல் எந்த ரைபிளை நம்பலாம், எந்த ரைபிளை நம்பக்கூடாது என்று ஒரு கோடு கிழிக்க முடிந்தது எதனால்? நம்பர் இருந்ததனால் அல்லவா? வீட்டுப் பட்டறையில் நம்பரில்லாமல் செய்த ரிசீவர், செய்தவன் செத்த பிறகு வேறொருவன் கைக்குப் போனால், அது என்ன உலோகம், எவ்வளவு சூட்டில் பதம் வைத்தது, யார் சோதித்தார்கள் என்று கேட்பதற்கு அதில் ஒரு எழுத்தும் இல்லை. சுதந்திரம் செய்தவனுக்கு, சோதனை வாங்கினவனுக்கு.

பழைய ராணுவ ரைபிள்களைப் பொது ஜனங்களுக்கு விற்கின்ற சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்னும் ஸ்தாபனம், 8,00,000க்குக் கீழ்ப்பட்ட ஸ்பிரிங்பீல்டையும் 2,85,507க்குக் கீழ்ப்பட்ட ராக் ஐலண்டையும் சுட வேண்டாமென்றே சொல்லி வருகின்றது. அதுவே சரியென்பது நம்முடைய தீர்மானமான அபிப்பிராயம். பாட்டனாரின் ஞாபகத்துக்கு வேண்டுமானால் அதைச் சுவரில் மாட்டி வைத்துக் கொள்ளட்டும். எண்ணெய் தடவித் துடைத்து அழகு பார்க்கட்டும். வேட்டைக்குப் போக வேண்டுமென்றால், அதே ஸ்பிரிங்பீல்டில் 1927க்குப் பிற்பட்ட காலத்தில் நிக்கல் உருக்கில் செய்த ரிசீவர்கள் ஏராளமாக இருக்கின்றன. அவைகளில் ஒன்றைத் தேடிக் கொள்ளட்டும்.